மாலதிக்கு: இரண்டு ஏஸ் வந்த பிறகு

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது. தமிழ் முரசை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை மறுபடி படிக்கத் தொடங்கிவிட்டார். மூத்தவன் தேசிய சேவைக்குப் போய்விட்டான். வார இறுதியில் வந்தால் சாப்பாடு, தூக்கம் இரண்டுதான். வீட்டுச் செய்தி இவ்வளவே. நீ கேட்ட போக்கர் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டு ஏஸ் கைக்கு வந்தும் தோற்றுவிட்டேன், இது என்ன நியாயம் என்று எழுதியிருந்தாய். நீ விவரித்த ஆட்டத்தை ஒவ்வொரு கட்டமாக எழுதிப் பார்த்தேன். ஏஸ் ஜோடியை யாரும் கண்டுகொள்ளக் கூடாது என்று தொகையை உயர்த்தாமல் பெரிய பிளைண்டுக்கு (சீட்டைப் பார்க்குமுன்பே ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகைக்கு) சமமாக மட்டும் கட்டியிருக்கிறாய். அதனால் ஐந்து பேர் மலிவாக உள்ளே வந்துவிட்டார்கள். ஃபிளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறக்கும் முதல் மூன்று சீட்டுகளில், ஆர்ட்டின் எட்டு, ஆர்ட்டின் ஏழு, கிளாவர் இரண்டு. அங்கும் நீ எதுவும் கட்டாமல் செக் சொல்லிவிட்டாய். டர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டாக, ஆறு விழுந்ததும் ஒருவர் பெரிய தொகை கட்ட, நீ சிப் (பந்தய வில்லை) முழுவதையும் போட்டுவிட்டாய். அவர் கையில் பத்தும் ஒன்பதும் இருந்தன, ஆறு முதல் பத்துவரை வரிசையாக ஐந்து சீட்டு, அதாவது ஸ்ட்ரெயிட், சேர்ந்துவிட்டது.

இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு சிறியதுதான், மாலதி. ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒருமுறைதான் வரும். எதிரில் ஏதோ ஒரு சீட்டோடு ஒரே ஒருவர் கடைசிவரை இருந்தால் நூற்றுக்கு 85 முறை ஏஸ் வெல்லும். அப்படி ஐந்து பேர் இருந்தால் அது பாதிக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். சீட்டு அதேதான், ஆனால் ஐந்து பேரை நீயே உள்ளே கூப்பிட்டு அதன் பலத்தைப் பாதியாக்கிவிட்டாய்.

ஆகவே பலமான சீட்டை மறைக்காதே, அதற்கு முதலிலேயே விலை கேள். ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஏஸும் ராஜாவும்: இவை வந்தால் பெரிய பிளைண்டைப் போல் மூன்று மடங்காவது உயர்த்து. உனக்கு முன்னால் யாராவது சும்மா கட்டி உள்ளே வந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் இன்னொரு மடங்கு சேர்த்துக்கொள். நீ ஆடுவது காசு மதிப்பில்லாத விளையாட்டுச் சிப் மேசை. அங்கே யாரும் எளிதில் விலகுவதில்லை, நான்கு ஐந்து மடங்கு கேட்டாலும் ஒருவர் இருவர் வரத்தான் செய்வார்கள். நமக்கு வேண்டியதும் அந்த ஒருவர் இருவர்தான். எதைக் கேட்டாலும் கொடுக்க வருபவரிடம் பதுங்கி ஆடி என்ன லாபம்? ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்: ஏஸ் வந்தால் பெரிதாகவும் ஒன்பது ஜோடி வந்தால் சிறிதாகவும் உயர்த்தினால், விவரமானவர்கள் சீக்கிரமே உன்னைப் படித்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வைத்துக்கொள்.

அடுத்து ஃபிளாப். மேசையில் இரண்டு ஆர்ட்டின் கிடக்கிறது, எதிராளி கையிலும் இரண்டு ஆர்ட்டின் என்று வைத்துக்கொள்வோம். அவர் பார்க்காத 47 சீட்டுகளில் 9 ஆர்ட்டின் மிச்சம். அடுத்த சீட்டிலேயே ஃபிளஷ் (ஒரே வகையில் ஐந்து சீட்டு) சேர நூற்றுக்கு 19 வாய்ப்பு. பாட் தொகையில், அதாவது எல்லோரும் கட்டி நடுவில் சேர்ந்திருப்பதில், 100 சிப் இருக்கும்போது நீ 70 கட்டினால், அவர் 70 கொடுத்து 170-க்கு ஆசைப்படுகிறார். அந்த விலை கட்டுப்படியாக நூற்றுக்கு 29 வாய்ப்பாவது வேண்டும். ஆக, அடுத்த சீட்டை மட்டும் கணக்கில் எடுத்தால் அவர் நட்டத்துக்குத்தான் கட்டுகிறார். நீ செக் சொன்னால் அதே சீட்டை இலவசமாகப் பார்த்துவிடுவார். எனக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போனதே இந்தக் கணக்கால்தான். எதிராளியின் சீட்டைப் பார்க்காமலேயே அவரைத் தவறான விலையில் வாங்கவைக்க முடிகிறது!

விட்டுக்கொடுப்பதுதான் உனக்கு இன்னும் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நாம் இருவரும் ரம்மியில் வளர்ந்தவர்கள். ரம்மியில் ஜோக்கர் இல்லாத ஒரு சீக்வென்ஸ் கைக்குள் சேர்ந்துவிட்டால் அது கடைசிவரை உன்னுடையது. நடுவில் எந்தச் சீட்டு திறந்தாலும் அதன் மதிப்புக் குறையாது. போக்கரில் ஒவ்வொரு பொதுச் சீட்டு திறக்கும்போதும் உன் ஜோடியை மறுபடி எடை போட வேண்டும். எட்டு, ஏழு, ஆறு என்று அடுத்தடுத்து விழுந்த மேசையில் ஏஸ் ஜோடி வெறும் ஒற்றை ஜோடி. அதுவரை அமைதியாகக் கட்டிக்கொண்டிருந்தவர் டர்னில் திடீரென்று பெரிதாக உயர்த்தினால், புதியவர்கள் ஆடும் மேசைகளில் அது பெரும்பாலும் பொய்யாக இருக்காது. மனம் வலித்தாலும் சீட்டைக் கவிழ்த்துவிடு. ராஜா ஜோடிக்கும் இதே எச்சரிக்கைதான். ஃபிளாப்பில் ஏஸ் விழ நூற்றுக்கு 23 வாய்ப்பு இருக்கிறது. விழுந்தால் உடனே ஓட வேண்டாம், ஆனால் பாட் தொகையைப் பெருக்காதே.

ஏஸும் ராஜாவும் பார்க்க அழகு, ஆனால் இன்னும் ஜோடி ஆகவில்லை. மூன்றில் இரண்டு முறை ஃபிளாப் அதற்கு உதவாது. இரண்டு மூன்று பேர் உடன் வந்து, எதுவும் பொருந்தவில்லை என்றால் பிடிவாதம் வேண்டாம்.

பதுங்கவே கூடாதா என்றால், ஒரு சமயம் உண்டு. கையில் ராஜா ஜோடி. மேசையில் ராஜா, ஏழு, இரண்டு, மூன்றும் வெவ்வேறு வகை. உன்னை முந்த இப்போதைக்கு வழியே இல்லை. அப்போது ஒரு சுற்று விட்டுப்பிடிக்கலாம். உன் மேசையில் நான் அதையும் செய்யமாட்டேன், கட்டத்தான் செய்வேன்.

உன் தம்பி மகன் சொன்ன இணையத்தளத்தில் காசு வைத்து ஆடலாமா என்று கேட்டிருந்தாய். டிசம்பரில் இங்கு வந்து தங்கும்போது அதைத் தொடவே தொடாதே, மாலதி. 2022-ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாத தளத்தில் காசு வைத்து ஆடுபவருக்கே 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். உரிமம் உள்ள சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனம் இணையத்தில் லாட்டரியும் விளையாட்டுப் பந்தயமும் நடத்துகிறது, போக்கர் அதில் இல்லை. குடும்பத்தினரும் நண்பர்களும் வீட்டில் நேரில் கூடி, ஆட்டத்தை நடத்துவதில் யாரும் ஆதாயம் பார்க்காமல் ஆடுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. அதே ஆட்டத்தை அதே நண்பர்களோடு இணையத்தில் காசுக்கு ஆடினால் அந்த விலக்கு கிடையாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஏஸ் ஜோடியைக் கவிழ்க்க மனம் வராத நிலையில் நீ காசு வைப்பதை எண்ணினாலே எனக்குப் பயமாக இருக்கிறது. விளையாட்டுச் சிப்பிலேயே இரு. இங்கே வந்ததும் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, பத்துக் காசு நாணயங்களை வைத்து ஆடலாம். உன் அண்ணியையும் கூப்பிடுவோம்.

அதற்குள் உனக்குப் பெரிய ஜோடி வந்த ஆட்டங்களை மட்டும் குறித்து அனுப்பு. எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், ஃபிளாப்பில் என்ன விழுந்தது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு கட்டினாய் என்பது போதும், வென்றதையும் தோற்றதையும் எழுத வேண்டாம். விமான டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல், சாங்கிக்கு நானே வருகிறேன். அம்மா உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
கோமதி