கிராமமா நகரமா என்பதைக் கடைசிப் பேருந்துதான் தீர்மானிக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராம வாழ்க்கையையும் நகர வாழ்க்கையையும் ஒப்பிட்டுத் தங்கள் இதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சென்னைவாசியான கட்டுரையாளர் பொங்கலுக்குத் தஞ்சைப் பக்கம் தம் சொந்த ஊருக்கு வந்து, நான்கு நாள் தங்கி, கிராமமே மேல் என்று முடிவு கட்டியிருக்கிறார். தை மாதத்தில் காவிரி டெல்டாவைப் பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சம்பா அறுவடை நடக்கும், வெயில் உறைக்காது, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளெல்லாம் வந்து தெருவே நிறைந்திருக்கும். பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்குமா திறக்காதா என்று தெரியாமல் ஊரே நாளிதழில் அணையின் நீர்மட்டத்தைத் தேடிப் படிக்கும் வைகாசியில் அவர் வந்து தங்கியிருந்தால், கட்டுரை வேறு மாதிரி அமைந்திருக்கும் என்று நினைக்கிறேன். வலங்கைமான் வட்டத்தில் ஒரு சிற்றூரில் நிரந்தரமாகக் குடியிருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

கிராமத்தில் செலவு குறைவு என்கிறார். வீட்டு வாடகை இல்லை என்பது உண்மைதான். மற்றபடி, நெல் விளையும் ஊரில் நாங்கள் அரிசியைக் கடையில் வாங்குகிறோம். அறுத்த நெல்லை வீட்டில் அவித்துக் காயவைத்து ஆலைக்கு அனுப்ப இப்போது ஆளுமில்லை, களமுமில்லை. வயலிலிருந்து டிராக்டரில் நேரே அரசின் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. பிறகு அதே விவசாயி மளிகைக் கடையில் 26 கிலோ மூட்டை வாங்கி வருகிறார். (25 கிலோ வரையிலான பைகளுக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பிறந்த கணக்கு இந்த ஒரு கிலோ.) காய்கறியும் அப்படித்தான். எங்கும் நெல்லே போட்டுப் பழகிய மண்ணில் கத்தரிக்காய்கூட ஒட்டன்சத்திரம் போன்ற ஊர்களிலிருந்து தாராசுரம் மார்க்கெட்டுக்கு வந்து, அங்கிருந்து எங்கள் ஊர்க் கடைக்கு வருகிறது. சென்னையில் இருக்கும் என் மகள் கொடுக்கும் விலைக்கும் நாங்கள் கொடுக்கும் விலைக்கும் பெரிய வித்தியாசத்தை நான் கண்டதில்லை.

வருமானம் என்று பார்த்தால் வித்தியாசம் நிச்சயம் உண்டு. நகரத்தில் சம்பளம் கூடவோ குறையவோ இருக்கலாம், ஆனால் தேதிக்கு வந்துவிடுகிறது. இங்கே மேட்டூரை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 என்று ஒரு தேதி இருக்கிறது, அது கர்நாடகத்து மழையைப் பொறுத்தது. 2024-இல் மேட்டூர் ஜூலை 28-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர்கள் குறுகிய காலப் பயிரான குறுவையைப் போட்டார்கள், ஆற்றுப் பாசனத்தை நம்பியவர்கள் அடுத்து வரும் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். விளைந்துவிட்டாலும் நிம்மதி இல்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பதால், ஐப்பசி அடைமழையில் குறுவை நெல்லைச் சாலையிலே கொட்டி, வெயில் எட்டிப் பார்க்கும் போதெல்லாம் காலால் துழாவி, தூறல் விழுந்ததும் தார்ப்பாய் போட்டு மூடி, இரவில் அதன் அருகிலேயே படுத்துக்கொள்ளும் வேலையைக் கட்டுரையாளர் சொல்லும் 'அமைதியான வாழ்க்கை'யில் எங்கே சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இதைப் பார்த்து வளர்ந்த பையன் திருப்பூருக்கோ சென்னைக்கோ போகிறேன் என்றால், நகர மோகம் என்று அவனைக் குறை சொல்வது நியாயமாகாது.

ஊரே ஒரு குடும்பம் போல வாழ்கிறது என்ற வாக்கியத்தையும் விட்டுவிட முடியாது. எந்தத் தெருவிலிருந்து பார்த்து இதை எழுதினார் என்பதுதான் கேள்வி. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி இதே டெல்டாவில்தான் இருக்கிறது. காலம் மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் பல ஊர்களில் சுடுகாடு இன்றும் இரண்டுதான். 'நீ யார் வீட்டுப் பிள்ளை' என்று யாரும் கேட்காத ஒரு பேருந்து நிறுத்தத்தில் நிற்பதே சிலருக்கு விடுதலை என்பதை, அந்தக் கேள்விக்குக் கூசாமல் பதில் சொல்லக்கூடியவர்கள் உணர்வது கடினம். நகரத்திலும் வீட்டு உரிமையாளர்கள் சுற்றி வளைத்து அதையே கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் சொல்வதால் நகரமே மேல் என்று நான் வாதிடவில்லை. 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோக வேண்டியிருந்த ஊர் சென்னை. உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது, துணைக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம் என்று மகள் சொல்வாள். இங்கே நேர்மாறு. சென்ற அறுவடைக் காலத்தில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தபோது, கூட வருகிறேன் என்று நான்கு பேர் நின்றார்கள். 108 வண்டியும் வந்துவிட்டது. ஆனால் சாலையின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, அதன் ஓரம் முழுக்க வண்டி ஏறாமலிருக்கச் செங்கல் அடுக்கியிருந்தது. ஓட்டுநர் மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்து பிரதான சாலையை அடைந்தால், அங்கே ரயில்வே கேட் மூடியிருந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்நேரத்துக்கு ஒரு மருத்துவர் இருந்திருந்தால் அந்தப் பயணத்துக்கே அவசியம் வந்திருக்காது.

ஆக, காற்று, பசுமை, பாசம் என்று அடுக்கி ஒப்பிடுவதில் பயனில்லை. எங்கள் ஊரைவிட்டுப் போகிறவர்களில் பலர் நகரத்தை விரும்பிப் போகவில்லை. நேரம் ஒத்துவராமல் போகிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் கும்பகோணத்தில் ஜவுளிக் கடைகளில் வேலை பார்க்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் காலையில் போவது சுலபமாகிவிட்டது. கடை ஒன்பது மணிக்கு மேல்தான் விடும். ஊருக்கு வரும் கடைசிப் பேருந்தோ எட்டரைக்கே கிளம்பிவிடுகிறது. ஆண்பிள்ளை பைக்கில் வந்து கூட்டிப்போக வசதியுள்ள வீட்டுப் பெண்கள் ஊரிலிருந்து வேலைக்குப் போகிறார்கள். மற்றவர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து அங்கேயே விடுதியில் தங்குகிறார்கள், அல்லது வேலையை விட்டுவிடுகிறார்கள். கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையில் பிரிந்து, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போய், அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் குழாயில் பயணம் செய்து 2004 முதல் சென்னைக்குக் குடிநீராகிறது. அவ்வளவு தூரம் தண்ணீரைக் கொண்டுசெல்ல முடிந்த நிர்வாகத்துக்கு, கும்பகோணத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்கு இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு பேருந்தை விடுவது பெரிய காரியமாக இருக்க முடியாது.

முன்பு எங்கள் தடத்தில் ஒரு 'ஹால்ட் பஸ்' இருந்தது. இரவில் கடைசியாக வந்து கோயிலருகே நிற்கும். ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே தங்கி, விடியற்காலை பால்காரர்களையும் பூக்காரம்மாக்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். அது நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. டெல்டாவின் உள்தடங்களில் எங்கெல்லாம் இப்படி ஹால்ட் பஸ்கள் நிறுத்தப்பட்டன, எந்தெந்த ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவில் மருத்துவர் இருப்பதில்லை என்று தங்கள் செய்தியாளர்கள் ஊர் ஊராக விசாரித்து வெளியிட்டால், இந்த ஒப்பீட்டுக் கட்டுரைகளைவிட அது எங்களுக்கு உதவியாக இருக்கும். எங்கள் ஊருக்கு வருவதானால் காலையிலேயே கிளம்பி வரச் சொல்லுங்கள். எட்டரைக்கு மேல் வந்து சேர வண்டி கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.