தடைக்காலத்தில் மெலியும் கிழட்டுப் பூனைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் இறங்குதளங்களில் மீன் கழிவை நம்பிக் கிடக்கும் பூனைகளுக்கும் சேர்த்தே தடைக்காலம் வந்துவிடுகிறது. இளசுகள் எலி, ஓணான் என்று பிழைத்துக்கொள்ளும். பத்து வயதைத் தாண்டியவைதான் முதுகெலும்பு துருத்த, காலி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே சுருண்டு கிடக்கும். இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கிப் போகிறவர்களிடம் அக்கம்பக்கம் சொல்வது ஒன்றுதான்: "வயசாயிருச்சு, அது அப்படித்தான் போகும்." இந்த மெலிவுக்குப் பெரும்பாலும் பெயருள்ள காரணம் இருக்கும்: சிறுநீரகம், பல், தைராய்டு, சர்க்கரை. நன்றாகத் தின்றும் மெலிந்தால் தைராய்டையோ சர்க்கரையையோ சந்தேகிக்கலாம். தட்டருகே ஓடிவந்து முகர்ந்துவிட்டு விலகினால், எச்சில் வடிந்தால், வாயைத் திறந்து பல்லையும் ஈறையும் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்காமல் போவது சிறுநீரகம். நாங்கள் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

அதற்குமுன் ஒரு எச்சரிக்கை. தூக்கி வந்த அன்றே தட்டு நிறைய மீன் வைத்துவிடாதீர்கள். நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென உணவு இறங்கினால், ரத்தத்திலுள்ள பாஸ்பரசும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டு அளவு சரியும். தேறுவதுபோலத் தெரிந்த பூனை இரண்டு மூன்று நாளில் விழுந்துவிடும். மூன்று கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 160 கிலோகலோரி வேண்டும். முள் நீக்கி வேகவைத்த வெள்ளை மீன் சதை 100 கிராமில் ஏறக்குறைய 100 கிலோகலோரி உண்டு. முதல் நாள் 40 கிராம், அதையும் ஐந்தாறு வேளையாக. மறுநாள் அதற்கு இரண்டு மடங்கு. நான்காம் நாள்தான் முழு அளவு.

சிறுநீரகக் கோளாறை வீட்டிலேயே ஓரளவு ஊகிக்கலாம். அளந்து ஊற்றிய தண்ணீர் ஒரு நாளில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது மூன்று கிலோ பூனை 300 மில்லிக்கு மேல் குடித்தால் உள்ளே ஏதோ கோளாறு. பூனை நிறையக் குடிக்கிறதே என்று மகிழ்பவர்கள் உண்டு. சிறுநீரைக் கெட்டியாக்கும் சக்தி போய், உடம்பு நீரைப் பிடித்துவைக்க முடியாமல் இழப்பதால்தான் அது குடிக்கிறது. நீர் வற்றியிருக்கிறதா என்று அறியத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது கிழட்டுப் பூனையிடம் ஏமாற்றும்; வயதான தோல் எப்படியும் மெதுவாகத்தான் இறங்கும். ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழுக்கினால் பரவாயில்லை, விரல் ஒட்டினால் வறட்சி. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) மட்டும் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று திரும்பவும் வேண்டாம்: சிறுநீரகத்தின் வேலையில் முக்கால் பங்கு போன பிறகே அது ஏறும். சிறுநீரின் அடர்த்தியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீர் வற்றிய பூனையின் சிறுநீர் 1.035-க்குக் கீழே இருந்தால் சிறுநீரகத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நோய் உறுதியானதும் பூனையைத் தூக்கி நிறுத்துவது தோலுக்கடியில் ஏற்றும் ட்ரிப்ஸ். நரம்பு தேட வேண்டியதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் 500 மில்லி ரிங்கர் லாக்டேட் (உப்பு நீர்க் கரைசல்) பாட்டில், ட்ரிப்ஸ் செட், 18 கேஜ் ஊசி போதும். அளவையும் இடைவெளியையும் மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். மூன்று கிலோ பூனைக்கு ஒரு தடவைக்கு 75 முதல் 100 மில்லி என்பது வழக்கம். கடையில் பெயரைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள். டி.என்.எஸ். (குளுக்கோஸ் கலந்த உப்பு நீர்) பாட்டிலும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். அதிலுள்ள குளுக்கோஸ் தோலுக்கடியில் நீரை இழுத்துக்கொண்டு வீக்கமும் சீழும் உண்டாக்கும்.

பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் பத்து நிமிடம் நிறுத்தி, மணிக்கட்டில் சொட்டு விட்டால் சூடும் குளிர்ச்சியும் தெரியாத பதத்துக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த நீர் இறங்கினால் மறுநாள் பாட்டிலைப் பார்த்ததுமே பூனை ஓடும். ஜன்னல் கம்பியில் பூனைக்கு மூன்று நாலு அடி மேலே தொங்கவிட்டு, குழாயிலுள்ள காற்று போகும்வரை கொஞ்சம் நீரை ஓடவிடுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கி, ஊசியின் சாய்ந்த முகம் மேலே இருக்க, கூடாரத்தின் அடிப்பகுதியில் முதுகுக்கு இணையாக நுழைக்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, மறுபக்கத் தோலையும் குத்தி வெளியே வந்துவிடுவது. ரோமம் நனைந்தால் அதுதான் நடந்திருக்கிறது. கொஞ்சம் பின்னால் இழுத்தால் போதும். சொட்டு நின்றுபோனால் ஊசி முனை சதையில் முட்டியிருக்கும், மெல்லத் திருப்பினால் ஓடும். வலிக்குமே என்று மெல்லிய 22 கேஜ் ஊசி கேட்காதீர்கள். ஐந்து நிமிட வேலை கால் மணி நேரம் இழுக்கும். அதுவரை எந்தப் பூனையும் உட்காராது.

எவ்வளவு ஏறியது என்பதைப் பாட்டில் கோட்டை நம்பி முடிவுசெய்ய வேண்டாம். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் பாட்டிலைச் சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள்; 100 கிராம் குறைந்திருந்தால் 100 மில்லி. ஊசியை எடுத்ததும் துளையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தோளில் திமில்போல ஒரு மேடு நிற்கும். அது சரிந்து முன்னங்காலுக்கு இறங்கினாலும் பயமில்லை, சில மணி நேரத்தில் வற்றிவிடும். அடுத்த தடவை வரையிலும் வற்றாமல் நின்றால் மேலும் ஏற்றக் கூடாது. தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்: நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் இதயம் நீரைத் தாங்கவில்லை என்ற சந்தேகம் வர வேண்டும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. கலங்கிய பாட்டிலைக் கீழே கொட்டிவிடுங்கள், காசு பார்க்க வேண்டாம்.

தின்னக் கொடுப்பதில் நம் கரைக்கென்று சில தப்புகள் உண்டு. கருவாடு கூடவே கூடாது. சூடை, நெத்திலி போன்ற மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து போட்டால், அவற்றிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும்; வேகவைத்தால் அந்த நொதி செத்துப்போகும். மீன் தலையிலும் முள்ளிலும் பாஸ்பரஸ் அதிகம், சிறுநீரகத்துக்கு அது பாரம். வேகவைத்த முட்டை வெள்ளைக்கருவைச் சதையோடு பிசைந்து, உப்பில்லாத மீன் வெந்த நீரைத் தாராளமாக ஊற்றி வையுங்கள். குழம்புச் சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். சிறுநீரகப் பூனைக்கென்றே விற்கும் உணவு நல்லதுதான், ஆனால் அதை அது தொடவில்லையென்றால் பட்டினி போடாதீர்கள். தின்னாமல் இரண்டு மூன்று நாள் போனால் கல்லீரலில் கொழுப்பு ஏறும். குடிக்க வைப்பது வீட்டில் நீங்கள் குடிக்கும் குடத்துத் தண்ணீராகவே இருக்கட்டும். பலர் பின்கட்டு உவர் கிணற்று நீரைத்தான் மிருகத்துக்கு ஊற்றுகிறார்கள்.

தாடை நெஞ்சில் படிய, தலையைத் தூக்க முடியாமல் பூனை நடந்தால் அது முதுமைக் கூன் இல்லை. பச்சை மீனால் வந்த பி1 குறைவாகவோ, சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றியதாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு, ஆனால் வேறு வேறு மருந்து. அதனால் வீட்டு ஊகத்தில் ஊசி போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்மணி விரிந்தபடியே நின்று, திடீரெனச் சுவரில் முட்டினால் ரத்த அழுத்தம் விழித்திரையைப் பிய்த்திருக்கலாம். அன்றே போனால் பார்வை கொஞ்சம் மிஞ்ச வாய்ப்புண்டு.

பாராசிட்டமால் பூனைக்கு விஷம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று கொல்லப் போதும். டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதித் தந்தால், விழுங்கவைத்த கையோடு ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீரை வாயின் ஓரமாக விடுங்கள். மாத்திரை தொண்டைக்குழலில் ஒட்டி நின்றால் அங்கே புண்ணாகி, குழலே சுருங்கிப்போகும். பூனை கிடக்கும் தரையைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். வாயிலோ ஆசனவாயிலோ தூண்டில் நரம்பு தொங்கினால் இழுக்காதீர்கள், குடலை அறுத்துவிடும். பூனை கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

படுக்க மீன்காரர்கள் எறியும் தெர்மாக்கோல் பெட்டியே போதும். பூனை பிறாண்டித் தின்னாதபடி உள்ளே சாக்கும் பழைய வேட்டியும் விரித்து, ஒரு பக்கச் சுவர் நாலு விரல் உயரம் மட்டும் மிஞ்சும்படி வெட்டிவிடுங்கள். மூட்டு வலிக்காரப் பூனை உயரம் தாண்டாது. வாரம் ஒருமுறை கூடையில் வைத்து மீன் தராசில் நிறுங்கள். மூன்று கிலோவில் 100 கிராம் குறைவது, அறுபது கிலோ ஆள் இரண்டு கிலோ இளைப்பதற்குச் சமம்.

கால்நடை பராமரிப்புத் துறையிடம் நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் எதுவும் இல்லை. ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரம் போக ஏறக்குறைய 55 கிலோமீட்டர். நோயாளிப் பூனையை, இரண்டு காய்கறிக் கூடைகளை வாய்க்கு வாய் வைத்துக் கட்டி, பேருந்தில் கொண்டுபோகிறவர்கள் எத்தனை முறை போய்வர முடியும்? கடலோர கால்நடை மருந்தகங்களில் வாரத்தில் ஒரு பிற்பகலைப் பூனைகளுக்கு ஒதுக்குங்கள். அன்று ரத்தமும் சிறுநீரும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பூனையை வளர்ப்பவரின் கையிலேயே ஊசியைக் கொடுத்து, முதல் ட்ரிப்ஸை மருத்துவர் எதிரிலேயே ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த ஏப்ரல் 15-க்குள் இதைத் தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
மண்டபம் பகுதி வாசகர்கள்