பனியில் வழுக்கி விழுந்தவர்களுக்கான 60 நாள் அறிவித்தல் விதியைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
பேஸ்மென்ற் வீட்டில் வாடகைக்கு வசிக்கும் தொழிலாளி ஒருவர்,
ஸ்காபரோ, ரொறன்ரோ.

பெறுநர்:
மாண்புமிகு சட்டமா அதிபர் அவர்கள்,
ஒன்ராறியோ மாகாண அரசு,
ரொறன்ரோ.

பொருள்: குடியிருப்பு வளவுகளில் பனியிலும் ஐஸிலும் வழுக்கிக் காயமடைவோர் 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதியை, வாடகைக்கு இருப்போரின் நிலை அறிந்து திருத்துதல் தொடர்பாக.

மாண்புமிகு சட்டமா அதிபர் அவர்களுக்கு,

நான் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் எட்டு ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வாடகைக்கு இருக்கிறேன். கடந்த ஆண்டு பெப்ரவரியில் ஒருநாள் அதிகாலை ஐந்தரை மணிக்கு வேலைக்குப் புறப்பட்டு, எங்கள் வாசலிலிருந்து தெருவுக்குச் செல்லும் பக்கவாட்டு நடைபாதையில் வழுக்கி விழுந்ததில் எனது வலது மணிக்கட்டு முறிந்தது. சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். வெதுப்பகத்தில் மா பிசைந்து தட்டுத் தூக்கும் வேலை என்பதால் நான்கு மாதங்கள் நான் வேலைக்குப் போக முடியவில்லை. நட்டஈடு கோரும் உரிமை எனக்கு இருந்தது என்பதையும், அந்த உரிமை பெரும்பாலும் கைநழுவிவிட்டது என்பதையும், ஐந்தாவது மாதத்தில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் ஒரே மணிநேரத்துக்குள் அறிந்துகொண்டேன்.

என்னை விழுத்திய ஐஸ் முதல்நாள் கொட்டிய பனியால் வந்ததல்ல. கூரையில் கிடந்த பனி பகல் வெயிலில் உருகிப் பீலிக்குழாய் வழியாக நேரே அந்த நடைபாதையில் ஊற்றும். இரவில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கியதும் அந்தத் தண்ணீர் சீமெந்தின் நிறத்திலேயே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடாக உறைந்துவிடும். வெள்ளையாகக் கிடக்கும் பனியைக் கண்டால் கவனமாகக் கால் வைக்கலாம், இதைக் கண்டு ஒதுங்க வழியில்லை. பீலிக்குழாயின் வாயைப் புல்தரைப் பக்கம் திருப்பிவிட்டிருந்தால் அந்த இடத்தில் ஐஸ் இருந்திருக்காது. அந்த மாரியிலேயே இரண்டு முறை இதை வீட்டு உரிமையாளரிடம் வாயால் சொல்லியிருந்தேன். “உப்புப் போட்டுப் பாத்து நடவுங்கோ, ஸ்னோ வாருறது உங்கட பொறுப்பு எண்டுதானே முதலே கதைச்சது” என்று அவர் சொன்னார். நானும் அதை நம்பினேன்.

அப்படி நம்பியது தவறு என்று இப்போது அறிகிறேன். ஒக்கியுபயர்ஸ் லயபிலிற்றி அக்ட் என்ற பொறுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, ஓர் இடத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அங்கு வருவோர் நியாயமான அளவில் பாதுகாப்பாக இருப்பதற்கு, எல்லாச் சூழ்நிலைகளையும் கருத்தில் கொண்டு நியாயமான கவனம் எடுக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம், வாடகை வளவை நல்ல நிலையில் பேணும் கடமையை உரிமையாளரிடமே ஒப்படைத்திருக்கிறது. பனி அள்ளுவது வாடகைக்கு இருப்பவரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும், அந்த வாசகம் வாடகைச் சட்டத்துக்கு முரணானதால் செல்லாது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பனி அள்ளும் வேலையை வாடகைக்கு இருப்பவரிடம் கொடுப்பதானால், வாடகையோடு பிணைக்காமல் தனியான வேலை ஒப்பந்தமாகவே கொடுக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் “ஸ்னோ நீங்களே வாருங்கோ” என்ற வாய்ப்பேச்சில்தான் என்னைப் போன்றவர்கள் வீடு எடுக்கிறோம்.

இனி இம்மனுவின் மையத்துக்கு வருகிறேன். 2020ஆம் ஆண்டில் நிறைவேறி, 2021 ஜனவரி 29 முதல் நடைமுறையில் உள்ள பொறுப்புச் சட்டத் திருத்தத்தின்படி, பனியாலோ ஐஸாலோ காயமடைந்தவர், விழுந்த திகதி, நேரம், இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 60 நாட்களுக்குள், நேரில் கையளித்தோ பதிவுத் தபால் மூலமோ, இடத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு அல்லது பனி அகற்றும் ஒப்பந்தக்காரருக்கு எழுத்தில் அறிவிக்கத் தவறினால் வழக்குத் தொடர முடியாது. வழக்குத் தொடுக்கப் பொதுவாக இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன என்று ஊரில் பலருக்குத் தெரியும். அந்தக் கதவுக்கு முன்னால் இன்னொரு கதவு 60 நாளில் மூடிவிடுவதை நான் விசாரித்தவர்களில் ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை.

இத்திருத்தத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஐஸ் உருகிவிட்டால் சாட்சியும் உருகிவிடும். பனி அகற்றும் ஒப்பந்தக்காரர் ஓர் இரவில் பல வளவுகளைத் துப்புரவாக்குபவர், இரண்டு ஆண்டுகள் கழித்து வரும் கடிதத்துக்கு அவரால் என்ன பதில் சொல்ல முடியும்? அவர்களின் காப்புறுதிச் செலவு உயர்ந்துகொண்டே போனது என்ற முறைப்பாடும் நியாயமானதே. கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் யாரோ ஒருவர் விழுந்தது உரிமையாளருக்குத் தெரியாமலே போகலாம். நான் விழுந்தபோது என் சத்தம் கேட்டு மேல்மாடியிலிருந்து ஓடிவந்தவர் வீட்டு உரிமையாளர். அம்புலன்ஸை அழைத்தவரும் அவர், அன்று மாலையே அந்த இடத்தில் உப்புக் கொட்டியவரும் அவர். திகதி, நேரம், இடம் மூன்றும் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு நான் பதிவுத் தபால் அனுப்பவில்லை என்பதற்காக என் உரிமை அற்றுப்போவதால், அச்சட்டம் காக்க விரும்பிய எதுவும் காக்கப்படவில்லை.

நியாயமான காரணம் இருந்து, எதிர்த்தரப்புக்குப் பாதகமும் ஏற்படாவிட்டால், தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம் என்ற விலக்கு சட்டத்தில் இருப்பதை அறிவேன். ஆனால் அந்த விலக்கைப் பெறுவதற்கே முதலில் வழக்காட வேண்டும். பெரிய காயமாக இருந்தாலொழிய அந்தச் செலவுக்குத் துணிந்து முன்வருவது சட்டத்தரணிகளுக்கும் கடினம்.

எங்கள் சமூகத்தில் வீட்டு உரிமையாளர் பெரும்பாலும் வெறும் உரிமையாளர் மட்டுமல்லர். ஊர்க்காரராக இருப்பார், உறவினராகவும் இருப்பார். விழுந்த கிழமையில் எனக்குச் சோறும் இரசமும் கொண்டுவந்து தந்தவருக்கு எதிராகக் கடிதம் எழுத எனக்கு மனம் வரவில்லை, வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. இப்படிப்பட்ட கோரிக்கைகளுக்கு வழமையாகப் பதில் சொல்வது அவருடைய வீட்டுக் காப்புறுதி, அவருடைய பணப்பை அல்ல என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. பேஸ்மென்றை வாடகைக்கு விட்டதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்காத உரிமையாளர்களும் இருக்கிறார்கள்; அவர்கள் இதனால் தங்களையும் எவ்வளவு பெரிய ஆபத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒரு குழப்பம் உண்டு. நான் இன்னும் சில அடி தள்ளி, தெருவோர நடைபாதையில் விழுந்திருந்தால் அது மாநகரசபையின் பொறுப்பாகியிருக்கும். அங்கே அறிவித்தலுக்கான காலம் 10 நாட்கள், அதிலும் மாநகரசபையின் கடும் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். பனி மூடிக்கிடக்கும்போது வீட்டு வளவு எங்கே முடிகிறது, நகரத்தின் நிலம் எங்கே தொடங்குகிறது என்பது எலும்பு முறிந்து கிடப்பவருக்குத் தெரியாது.

ஆகவே, வீட்டு உரிமையாளரோ அவருடைய முகவரோ விபத்தை நேரில் கண்டிருந்தால் அல்லது 60 நாட்களுக்குள் வேறு எந்த வழியிலாவது அறிந்திருந்தால், அதுவே போதிய அறிவித்தலாகக் கொள்ளப்படும் என்று பொறுப்புச் சட்டத்தில் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இன்று உரிமையாளரும் குடியிருப்பவரும் வாடகைக் காசு முதல் தண்ணீர்க்குழாய் ஒழுக்கு வரை எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில்தான் பேசிக்கொள்கிறார்கள் என்பதால், மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் எழுத்துமூல அறிவித்தலாக ஏற்கப்பட வேண்டும். 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வாடகைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ள பொது வாடகை ஒப்பந்தப் படிவத்தில், நடைபாதைப் பனியை அகற்றுவது யாருடைய கடமை என்பதையும் இந்த 60 நாள் விதியையும் விளங்கும் மொழியில் சேர்க்க, உரிய அமைச்சருடன் கலந்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அறிவித்தலுக்கான ஒரு பக்கப் படிவம் ஒன்றைத் தயாரித்து, தமிழ் உட்பட இம்மாகாண மக்கள் பேசும் மொழிகளில், குளிர்காலத்தில் மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கிடைக்கச் செய்யுமாறும் வேண்டுகிறேன். என் கையில் மாவுக்கட்டுப் போட்ட அன்று, வலிமாத்திரைச் சீட்டோடு அப்படி ஒரு தாளும் தந்திருந்தால், என் மகள் அன்றிரவே அதை நிரப்பியிருப்பாள்.

என் வழக்குக்கு இத்திருத்தம் உதவப்போவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டே இதை எழுதுகிறேன். அடுத்த மாரிக்கு முன் இது தங்கள் கவனத்துக்கு எடுக்கப்பட வேண்டும் என்றும், எடுக்கும் நடவடிக்கையை எனக்கு எழுத்தில் அறியத்தர வேண்டும் என்றும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஸ்காபரோ