முட்டையைப் பழிக்க வேண்டாம், எண்ணெயை அளந்து ஊற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலையில் பொரித்த முட்டை சாப்பிடலாமா என்று வாசகர் ஒருவர் உங்கள் நலவாழ்வுப் பகுதியில் கேட்டிருந்தார். 'கொழுப்பு அதிகம், தவிர்ப்பது நல்லது. இட்லி, இடியாப்பம் போன்ற ஆவியில் வெந்த உணவே போதும்' என்று இரண்டே வரியில் பதில் தந்திருந்தீர்கள். அந்தப் பதில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் என்ன விளைவை உண்டாக்கும் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பகுதிகளில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் வேறு வழியில்லை. கட்டன் சாயாவை மட்டும் குடித்துவிட்டுப் போகிறவர், வெட்டு முடிந்த பிறகு கடையில் உட்கார்ந்து ஆப்பமோ தோசையோ சாப்பிடுகிறார். தொட்டுக்கொள்ளச் சட்னி, அல்லது நீர்த்த சாம்பார். அந்த இலையில் புரதம் என்று சொல்லத்தக்கது ஓரத்தில் இருக்கும் ஒரு புல்சை, அதாவது கலக்காமல் உடைத்து ஊற்றிப் பொரித்த முட்டை, மட்டும்தான். அதையும் விட்டுவிடு என்று பத்திரிகையே சொன்னால் அவர் என்ன செய்வார்? இன்னும் இரண்டு ஆப்பம் வாங்குவார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு முட்டைக்குப் பதிலாகப் புட்டில் கூடுதலாகச் சீனி விழும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. அரிசி மாவும் சீனியும் மட்டுமே காலை உணவாக இருக்கும் வீடுகளைப் பார்த்து, முட்டையை எடுத்துவிடுங்கள் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 2010இலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கிறோம். அரசு அதைக் காரணமில்லாமல் கொடுக்கவில்லை. 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. உடம்பு தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்கள் எல்லாமே அந்தப் புரதத்தில் உண்டு. பி12, வைட்டமின் டி, மூளைக்கு வேண்டிய கோலின், கண்ணுக்கு நல்ல லூட்டின் எல்லாம் மஞ்சள் கருவில்தான். ஆற்றல் என்று பார்த்தால் 70 கலோரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

பயம் எல்லாம் கொலஸ்ட்ராலைப் பற்றியது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, வாரத்தில் 3 மஞ்சள் கருவே போதும் என்று அமெரிக்க இதயக் கழகம் 1968இல் சொன்னது. அந்த அச்சம்தான் இன்றும் நம் ஊர்வரை வந்து நிற்கிறது. ஆனால் நம் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியைக் கல்லீரலே உற்பத்தி செய்கிறது; உணவில் கூடுதலாக வந்தால் பெரும்பாலானவர்களுக்கு அது தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. 2015 முதல் 2020 வரையிலான காலத்துக்கு அமெரிக்க அரசு வெளியிட்ட உணவு வழிகாட்டி, அந்த 300 மில்லிகிராம் வரம்பையே எடுத்துவிட்டது. அளவில்லாமல் தின்னலாம் என்று அதற்குப் பொருளில்லை. 2019இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, முட்டை கூடக்கூட இதயநோயும் கூடுவதாகச் சொன்னது. அடுத்த ஆண்டே வந்த இன்னொரு பெரிய ஆய்வு, நாளுக்கு ஒரு முட்டை வரை அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை என்றது. இரண்டையும் படித்தவள் என்ற முறையில் நான் எடுத்துக்கொள்வது இதுதான்: நோயில்லாத ஒருவர் தினம் ஒரு முட்டை சாப்பிடுவதைத் தடுக்கக் காரணம் எதுவும் இல்லை.

இரத்தத்தில் கெட்ட கொழுப்பை, அதாவது எல்.டி.எல். கொலஸ்ட்ராலை, முட்டையின் கொலஸ்ட்ராலைவிட அதிகமாக ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு (saturated fat). உங்கள் பதிலில் சொல்லாமல் விடப்பட்டதும் அதுதான். ஒரு முட்டையில் நிறைவுற்ற கொழுப்பு 1.5 கிராம் அளவுக்கே இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் முட்டை பொரிவதோ பெரும்பாலும் தேங்காய் எண்ணெயில். அந்த எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான். ஒரு தேக்கரண்டி எண்ணெயிலேயே கிட்டத்தட்ட 4 கிராம். இரண்டு முட்டையில் இருப்பதைவிட அதிகம். கடைக்காரர் அளக்காமல் சாய்க்கும் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி அளவாவது வரும். அதில் 11 கிராமுக்கு மேல் போய்விடும். 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் உச்ச அளவு சுமார் 22 கிராம். காலை ஒன்பது மணிக்கே அதில் பாதி முடிந்துவிடுகிறது. குற்றம் முட்டையின் தலையில் விழுகிறது.

தேங்காய் எண்ணெயைக் குறை சொன்னால் இந்த மாவட்டத்தில் பலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். நானும் அதில்தான் தாளிக்கிறேன், அதை விடச் சொல்லவில்லை. மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அது கெட்ட கொழுப்பைக் கூட்டுவதாகவே தெரிகிறது. நல்ல கொழுப்பையும் சிறிது கூட்டுகிறது. எனவே அளந்து ஊற்றுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி, எண்ணெயில் தொட்டுத் தோசைக்கல்லில் தேய்த்தால் ஒரு முட்டைக்கு அரைத் தேக்கரண்டியே போதும். கல் புகையும் அளவுக்குக் காய வேண்டாம். முட்டையை உடைத்து ஊற்றியதும் கல்லில் சிறிது தண்ணீர் தெளித்து மூடிவிட்டால், அந்த ஆவியிலேயே மேல்பக்கமும் வெந்துவிடும். திருப்பிப் போட்டு மறுபடியும் எண்ணெய் விட வேண்டிய தேவையே வராது.

மேல்பக்கம் வேக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மஞ்சள் கரு ததும்ப ததும்பச் சாப்பிடுவது பலருக்குப் பிடிக்கும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் முதியவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும். சால்மோனெல்லா கிருமி இருந்தால் அரைவேக்காட்டில் அது சாகாது. உடற்பயிற்சி செய்யும் இளைஞர்கள் சிலர் பச்சை முட்டையை அப்படியே குடிக்கிறார்கள்; அதில் லாபமும் இல்லை. வெந்த முட்டையின் புரதத்தில் 90 சதவீத அளவு உடம்பில் சேரும்போது, பச்சை முட்டையில் பாதியளவுதான் சேருகிறது.

நீரிழிவோ இதயநோயோ உள்ளவர்களும், பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களும் எத்தனை முட்டை என்பதைத் தங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பொதுவான பதில் பொருந்தாது. முட்டையே சாப்பிடாத குடும்பங்கள் புரதத்துக்காகப் புட்டோடு சிறுபயறைச் சேர்த்துக்கொள்ளலாம். அது இங்கே காலங்காலமாக இருக்கும் நல்ல பழக்கம்.

முட்டையில் இல்லாதவையும் உண்டு. நார்ச்சத்து இல்லை, வைட்டமின் சி இல்லை. அதனால் முட்டையோடு கீரையும் பழமும் வேண்டும். வேலியில் நிற்கும் முருங்கையில் ஒரு கொத்து ஒடித்து, சின்ன வெங்காயமும் நல்லமிளகும் சேர்த்து முட்டைத் துவரன் வைத்தால் பிள்ளைகள் மறுக்காமல் சாப்பிடுவார்கள். கூட ஒரு மட்டிப்பழம். பரோட்டாவும் புல்சையும் என்று சாப்பிட்டுவிட்டு முட்டையால் உடம்பு கெட்டது என்று சொல்லக் கூடாது.

இனி கடைகளைப் பற்றி. நேற்று வடையும் ஏத்தன்பழமும் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை ஒரு பாத்திரத்தில் எடுத்து வைத்து, இன்று அதிலிருந்து கரண்டியால் மொண்டு முட்டைக்கு ஊற்றும் கடைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டில் அளந்து சமைப்பதெல்லாம் இந்த இடத்தில் வீணாகிவிடுகிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் என்ற கழிவுகள் சேருகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நாடு முழுவதும் அமலில் இருக்கிறது. ஆனால் எண்ணெய்க் கணக்கை எழுதி வைக்க வேண்டும் என்ற கட்டாயம் நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்களுக்கு மட்டும்தான். சாயாக்கடை எதுவும் அந்தக் கணக்கில் வராது. உழைப்பாளிகள் தினமும் சாப்பிடுவது அங்கேதான்.

ஆகவே இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டுகிறேன். அந்த வாசகரின் கேள்விக்கு ஓர் உணவியல் நிபுணரைக் கொண்டு எண்ணெயின் வகை, அளவு, பக்க உணவு எல்லாவற்றையும் சேர்த்து மறுபடியும் பதில் எழுதச் செய்யுங்கள். எண்ணெயில் வைத்தால் துருவச் சேர்ம அளவைச் சில நிமிடங்களில் காட்டும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. உணவுப் பாதுகாப்பு அலுவலர்களோடு உங்கள் செய்தியாளர் ஒருவரை அனுப்பி, மார்த்தாண்டம், தக்கலை, திங்கள்சந்தை, வடசேரிக் கடைகளின் எண்ணெயைச் சோதிக்கச் செய்து, வரும் அளவுகளை உங்கள் மாவட்டப் பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.