2025ஆம் ஆண்டறிக்கை: மானியமும் நம் ஜாஸ் மேடையும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதாந்திர ஜாஸ் இரவுகள் இந்த ஆண்டும் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழுவின் நேரத்தை அதிகம் விழுங்கியது மானிய விவகாரம் என்பதால் அதைப் பற்றியே சொல்கிறேன்.

சிங்கப்பூரில் கலைக்கு அரசுப் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தேசிய கலைகள் மன்றம் 1991 முதல் இருக்கிறது. 1979இல் தொடங்கிய, நாட்டின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் 2002இல் பியானோ கலைஞர் ஜெரமி மொன்டேரோவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு எஸ்பிளனேட் கலை அரங்கமும் திறந்தது. ஆனால் பதக்கம் ஒருசிலருக்குத்தான். ஹோட்டல் லவுஞ்சிலும் கல்யாண விருந்திலும் வாசித்து வாடகை கட்டும் பாஸ் (bass) இசைக்கருவிக் கலைஞரின் பாடு வேறு.

மானியங்கள் பெரும்பாலும் ஒரு கச்சேரி, ஒரு ஆல்பம், ஒரு பயணம் என்று திட்டத்தை ஒட்டியே வருகின்றன. ஒரு நால்வர் குழு மேடை ஏறுவதற்கு முன் மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்க வேண்டும். அந்த மாதங்களுக்கு யார் பணம் தருவது? விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் முந்திவிடுகிறார். நன்றாக வாசிப்பவரும் அவரும் எப்போதும் ஒரே ஆளாக இருப்பதில்லை.

அப்புறம், 2013இல் 20 கோடி வெள்ளியுடன் தொடங்கிய கலாசார இணை நிதி. தனியார் தரும் ஒவ்வொரு வெள்ளி நன்கொடைக்கும் அரசு இன்னொரு வெள்ளி சேர்க்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அறநிறுவனமாகப் பதிந்திருக்க வேண்டும். நாமோ பதிவுபெற்ற சங்கம் மட்டுமே. நம் சந்தாப் பணத்துக்கு இணையாக ஒரு காசும் வராது. அறநிறுவனம் ஆவதென்றால் கணக்கு, நிர்வாகம் எல்லாம் கூடுதல் வேலை. அதைச் சுமக்க ஆள் இருக்கிறார்களா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

2025 செப்டம்பர் 1 முதல், 18 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்கள் கையில் அரசு தந்த கலாசார அட்டையின் (SG Culture Pass) 100 வெள்ளி இருக்கிறது. அதைக் கொண்டு 2028 டிசம்பர் வரை உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்கான டிக்கெட் வாங்கலாம். நம் இரவுகளுக்கோ அனுமதி இலவசம், அதனால் அந்தப் பணம் நம் பக்கம் வரவே வழியில்லை! சில நிகழ்ச்சிகளையாவது டிக்கெட் வைத்து, அந்த அட்டைத் திட்டத்தில் சேர விண்ணப்பிக்கலாம் என்பது என் யோசனை. இலவசம் என்பது பெருந்தன்மை போலத் தெரிந்தாலும் அதன் செலவை வாசிப்பவர்தான் தாங்குகிறார்.

இன்னொன்று. கோவிட் காரணமாக 2020 மார்ச்சில் நின்ற நேரடி இசை, உணவகங்களுக்குத் திரும்பியது 2022 மார்ச் 29இல். இடையில் சுயதொழில் செய்வோருக்கு அரசு மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதம் கொடுத்தது. சொத்து, வருமான வரம்புகள் இருந்தன. வரித்துறையிடம் வருமானத்தை முறையாக அறிவித்திருந்தவர்களில் பலருக்கு விண்ணப்பிக்காமலேயே பணம் வந்தது. ரொக்கமாக வாங்கிக் கணக்கில் காட்டாதவர்கள் ஆவணம் தேடி அலைய வேண்டியிருந்தது. ஆகவே இனி ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கட்டணத்தை எழுத்தில் உறுதிசெய்து, ரசீதும் கொடுத்துவிடுவோம். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் செலுத்த வேண்டும் என்பதையும் இளம் கலைஞர்களுக்குச் சொல்லிவைப்போம்.

டிக்கெட், எழுத்துபூர்வக் கட்டணம், அறநிறுவனப் பதிவு ஆகிய மூன்றையும் தனித்தனித் தீர்மானங்களாக முன்வைக்கிறேன். மூன்றாவதற்கு நானே ஆதரவு தருவேனா என்பது சந்தேகம்தான்.

செயலாளர்