கெம்பு என்ற சொல்

கிருஷ்ணகிரி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உன் முட்டிவலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அம்மாவின் தோட்டைக் கடைக்காரர் கெம்பு என்றாராம், அதுவும் மாணிக்கமும் ஒன்றா என்று எழுதியிருந்தாய். பெயரளவில் ஒன்றுதான். கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு. தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசுகிற குடியானவர்கள் செம்மண்ணைக் 'கெம்பு மண்ணு' என்பார்கள். அந்த நிறப்பெயரே கல்லுக்கும் பெயராகிவிட்டது. தெலுங்கிலும் மாணிக்கம் கெம்புதான்.

எனக்கு இதில் பிடித்தது, அது நமக்கும் சொந்தச் சொல் என்பது. கன்னடத்தில் 'கி', 'கெ' என்று நிற்பது தமிழில் பல இடங்களில் 'சி', 'செ' என்று மாறியிருக்கிறது. அவர்களுக்குக் கிவி, நமக்குச் செவி. அவர்களுக்குக் கெசரு, நமக்குச் சேறு. அப்படித்தான் கெம்பும் நம் செம்மையும். செம்புப் பாத்திரத்தின் செம்பும் அதே வேர். செம்மையை வைத்துக்கொண்டே கெம்பையும் அக்கம்பக்கத்திலிருந்து வாங்கிக் காதில் போட்டுக்கொண்டோம்!

மாணிக்கத்துக்கு நம்மிடம் இன்னும் பழைய பெயர்கள் உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரை மணிக்கடைத் தெருவில் பதுமம், நீலம், விந்தம், படிதம் என்று மாணிக்கத்திலேயே நான்கு சாதி வருகிறது. விந்தம் என்பது குருவிந்தம். மாணிக்கமும் நீலக்கல்லும் சேர்ந்த கனிம இனத்தை உலகமே கொரண்டம் என்கிறது. அது, குருவிந்தத்துக்கு உறவான நம் குருந்தம் என்ற சொல் போய்ச் சேர்ந்த பெயர். கொஞ்சம் குரோமியம் கலந்தால் அதே கனிமம் சிவந்து மாணிக்கமாகிறது.

ஆனால் கடையில் கெம்பு என்று சொல்வதெல்லாம் மாணிக்கம் இல்லை. கண்ணாடிக் கல்லும் அந்தப் பேரில் விற்கிறது. 1902இல் வெர்னேய் என்ற பிரெஞ்சுக்காரர் அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடுப் பொடியைத் தீயில் உருக்கி மாணிக்கம் செய்யும் வழியை வெளியிட்டார். அந்தக் கல்லை லென்ஸில் பார்த்தால் உள்ளே வளைந்த கோடுகளும் சின்னச் சின்னக் குமிழிகளும் தெரியும். இயற்கைக் கல்லில் வளைகோடு இருக்காது, பட்டு நூல் போல மெல்லிய ஊசிகள் கிடக்கலாம். கல் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடு.

அப்புறம், தோட்டைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடாதே. பழைய நகைகளில் கல் பதிக்கும்போது அதற்கு அடியில் தகடு வைத்திருப்பார்கள். ஈரம் இறங்கினால் தகடு கறுத்து, கல்லும் மங்கிப் போகும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

அன்புடன்,
ராஜு