வெயிலில் இளகும் சாலைக்கு வெப்பம் தாங்கும் தார் கேட்டு மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஈரோடு மாவட்டம்.

ஐயா, வணக்கம்.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று எங்கள் அம்மாயி சொல்லுவார். இப்போது மாசியிலேயே ரோட்டைக் கடந்தால் செருப்பு தாரில் ஒட்டிக்கொள்கிறது. அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

1901 முதல் உள்ள கணக்கில் நாட்டின் மிக வெப்பமான பிப்ரவரி 2025இல்தான் வந்தது. வெயில் முன்கூட்டியே வரத் தொடங்கிவிட்டது, ரோடு போடுவது மட்டும் பழைய கணக்கிலேயே நடக்கிறது.

எங்கள் ஊர் பேருந்து நிறுத்தத்தை ஒருமுறை மதியம் வந்து பாருங்கள். மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரிகள் வேகத்தடைக்காகப் பிரேக் அடிக்கும் இடத்தில் தார் ஒதுங்கி, சக்கரத் தடம் இரண்டும் வாய்க்கால் மாதிரி இறங்கிவிட்டது, நடுவில் வரப்பு போல மேடு. பைக் அந்தத் தடத்தில் இறங்கினால் வெளியே எடுப்பது பெரும்பாடு. போன வாரம் என் தங்கை பிள்ளையை முன்னால் உட்கார வைத்து வரும்போது சறுக்கி விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று, பின்னால் லாரி வரவில்லை.

தாரின் கெட்டித்தன்மையை விஜி என்ற எண்ணால் தரம் பிரிக்கிறார்கள், எண் கூடினால் தார் கெட்டி. வழக்கமாகப் போடும் விஜி 30 தார் இளகும் நிலைக்குத் தரநிர்ணயம் சொல்லும் குறைந்தபட்ச அளவு 47 டிகிரி செல்சியஸ். காற்றே 40 டிகிரியில் இருக்கும்போது கறுத்த ரோட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொட்டுவிடும். அதன் மேல் பாரம் ஏற்றிய லாரி நின்று நின்று போனால் எப்படித் தாங்கும்? ஒட்டுப் போடும்போது தாரை அதிகமாக ஊற்றிய இடங்கள்தான் முதலில் பொங்குகின்றன.

அதனால் கேட்கிறோம். தார் பொங்கிய இடங்களில் இந்த வாரமே கிரஷர் தூள் தூவி உருளை ஓட்டச் சொல்லுங்கள், பெரிய செலவு இல்லை. அடுத்து ரோடு போடும்போது, பள்ளம் விழுந்த பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, லாரி நிற்கும் இடங்களிலாவது கெட்டியான விஜி 40 தார் போட உத்தரவிடுங்கள். பள்ளத்தின் மேலேயே இன்னொரு அடுக்கு போட்டால் அடுத்த மாசிக்குள் மறுபடி இறங்கிவிடும்.

அப்புறம் இன்னொன்று. நூற்றைம்பது டிகிரி சூட்டில் வரும் தார்க்கலவையை உச்சி வெயிலில் வாரிப் போடுகிறவர்களும் மனிதர்கள்தான். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024இலேயே தமிழக அரசு அறிவித்திருக்கிறது. அந்த வேலையைக் காலை பதினொரு மணிக்குள் நிறுத்திவிட்டு, மீதியை மாலையில் தொடரச் சொல்லுங்கள்.

நேரில் பார்க்க வருவதாக இருந்தால் பிற்பகல் இரண்டு மணிக்கு வாருங்கள் ஐயா, நாங்கள் அங்கேயே இருப்போம்.

இப்படிக்கு,
ஊர் மக்கள்